கண்ணீர்ச் சுழிக் குதிரையும் பன்னிரண்டு தறிகளும்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி என்று ஊரைப் படுத்திவந்தான். ஒருநாள் குதிரைக்காரர்கள் மேல் சாணி நாற்றம் அடிக்கிறதென்று பாதிப் பேரை வேலையைவிட்டு நிறுத்தினான். குதிரைக்காரன் மேல் சந்தனமா மணக்கும்?

அப்படி வீட்டுக்கு வந்தவன்தான் பெத்தணன். இருபது வருஷம் அரண்மனைக் குதிரைகளைக் குளிப்பாட்டியவன். வேறு தொழில் தெரியாது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சந்தை வாசலில் கூரை போட்டு, குதிரை கட்டப் பன்னிரண்டு கட்டுத்தறி நட்டு, ஒரு லாயம் திறந்தார்கள். "ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாம் வீட்டு வாசல்ல குதிரையக் கட்டிட்டு அவதிப்படுறாங்க புள்ள. புல்லு, கொள்ளு, குளியல் எல்லாம் நாம பாத்துக்கிட்டா கொண்டாந்து விட மாட்டாங்களா?" என்றான். பெண்டாட்டி வீரக்காளும் நம்பினாள்.

ஒரு குதிரைகூட வரவில்லை. பத்தாம் நாள் வெளியூர் வியாபாரி ஒருவன் செவலைப் பெட்டைக் குதிரை ஒன்றைக் கட்டிவிட்டு, "நாலு நாள்ல வரேன்" என்று போனான். போனவன் போனவன்தான். அதன் இடது கண்ணுக்குக் கீழே மயிர் சுழித்திருந்தது. அதுதான் கண்ணீர்ச் சுழி. அந்தக் குதிரையை வைத்திருப்பவன் அழுதே சாவான் என்று ஊரெல்லாம் நம்பியது. பெத்தணன் நம்பவில்லை. செவலை அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கும். பிள்ளையில்லாத வீட்டில் அது போதாதா?

பெத்தணன் போனதிலிருந்து அரண்மனைக் குதிரைகள் இளைத்துவிட்டன. ராஜா ஏறும் குதிரை மேகவண்ணன்கூடச் சரியாகத் தின்பதில்லை. குதிரை அதிகாரி திருமேனிராயருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் முணுமுணுத்தது. ராயருக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, அந்தச் சுழிச் சனியனைப் பெத்தணன் சந்தை வாசலில் கட்டியிருக்கிறான். அதன் பக்கத்தில் நிற்கும் குதிரைக்கும் தோஷம் ஒட்டும்" என்று போட்டுக்கொடுத்தார்.

ராஜா பெத்தணனை வரவழைத்தான். "ஊர் பயப்படாவிட்டால் நானும் பயப்பட மாட்டேன். அடுத்த வெள்ளிக்குள் பன்னிரண்டு தறியும் நிறையட்டும். இல்லையென்றால் லாயத்தை இடிப்பேன், அந்தக் குதிரையை வெட்டுவேன்" என்றான்.

பெத்தணன் வீடு வீடாக ஏறி இறங்கினான். "நீ நல்லவன்தாம்ப்பா. ஆனா உன் லாயத்துல அது நிக்குதே" என்று எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். வியாழக்கிழமையும் பதினொரு தறி காலி. வீரக்காள் சொன்னாள்: "என்னங்க, அதக் காட்டுலயாவது விட்டுட்டு வந்துருங்க." சொன்னவளே கயிற்றை அவிழ்க்கப் போய், முடியாமல் உட்கார்ந்து அழுதாள்.

பெத்தணனுக்கு மட்டும் ஒரு சங்கதி தெரியும். மேகவண்ணனுக்கும் அதே இடத்தில் அதே சுழி. கன்னத்துத் தங்கத் தகடு அதை மறைத்திருந்தது. குளிப்பாட்டிய கைக்குத்தானே தெரியும்? வெளியே சொன்னால் இந்த ராஜா மேகவண்ணனையும் வெட்டச் சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் செவலை சாகும். பாவி மனுஷன் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. ராஜாவின் பவனிக்காக மேகவண்ணன் முற்றத்தில் நின்றது.

"தறி நிறைந்ததா?" என்றான் ராஜா.

"இல்ல மகாராஜா. இடிக்க ஆள் அனுப்புங்க. அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். ராயர் ஐயாதான் தீத்து வைக்கணும்."

"கேள்" என்றார் ராயர், மீசையைத் தடவிக்கொண்டு.

"கண்ணீர்ச் சுழி எத்தனை நாள்ல வேலை காட்டும்ங்க?"

"ஒரே மண்டலம். நாற்பத்தெட்டாம் நாள் எஜமான் அழுவான்."

"அந்தக் குதிரை மேல ஒருத்தர் ஒன்பது வருஷம் ஏறி, மூணு சண்டை ஜெயிச்சிருந்தா?"

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படி ஒருவன் இருந்தால் அவன் மனிதனே இல்லையடா, தெய்வாம்சம்! சுழியெல்லாம் அவன் காலடியில் கிடக்கும்."

"சபையறியச் சொல்றீங்களா?"

"என் குலதெய்வம் அறியச் சொல்கிறேன்."

பெத்தணன் முற்றத்தில் இறங்கினான். மேகவண்ணன் அவனைக் கண்டு கனைத்தது. அதன் தங்கத் தகட்டை அவிழ்த்தான்.

இடது கண்ணுக்குக் கீழே அதே கண்ணீர்ச் சுழி. ராஜா இறங்கிவந்து அந்தச் சுழியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு திரும்பிக் கேட்டான்: "ராயரே, நான் யார்?"

ராயர் கைகூப்பினார். "தெய்வாம்சம், மகாராஜா."

ராஜா வெடித்துச் சிரித்தான். "ஒன்பது வருஷம் அதிகாரியாக இருந்தீர். ஒருநாள் இதன் முகத்தைக் கழுவியிருந்தால் பார்த்திருப்பீர்!"

அப்புறம் கேட்க வேண்டுமா? தானும் தெய்வாம்சம்தான் என்று காட்டப் பிரதானிகளுக்குள் போட்டி. "என் குதிரை செவலைக்குப் பக்கத்தில்!" "இல்லை, என்னுடையது!" மத்தியானத்துக்குள் பதினொரு குதிரைகள் வந்துவிட்டன. ராஜாவே வந்து எண்ணிப் பார்த்து, பெத்தணனுக்குச் சால்வை போர்த்தினான்.

வந்த ராஜா சும்மா போவானா? செவலையை ஏற இறங்கப் பார்த்தான். "இப்படிப்பட்ட குதிரை என் லாயத்தில் அல்லவா நிற்க வேண்டும்! தினமும் ராயர் தம் கையால் இதன் முகத்தைக் கழுவட்டும்."

பெத்தணன் சால்வையோடு காலில் விழுந்தான். "மகாராஜா, சால்வைய எடுத்துக்குங்க, லாயத்த எடுத்துக்குங்க. இவள விட்டுருங்க."

"இதன் உயிரைக் கேட்டாய், கொடுத்தேன். இன்னும் என்ன?" என்றான் ராஜா, நிஜமாகவே புரியாமல்.

ராயர்தான் கயிற்றைப் பிடித்து நடந்தார். செவலை இரண்டு தரம் நின்று திரும்பியது. சந்தைக் கூட்டம் மறைத்த பிறகும் அதன் கனைப்பு கேட்டது. ராஜாவையே மடக்கின பெத்தணன் தறியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

அந்த நேரம் பார்த்துப் பட்டுத் தலைப்பாகைக்காரர் ஒருவர் குதிரையோடு வந்து நின்றார். "ஏம்ப்பா, செவலை நின்ன தறி இதுதானே? வேற யாருக்கும் குடுத்துட்டியா?"

பெத்தணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இல்லீங்க சாமி. காலிதான். கட்டுங்க."