காலி இலை

"நான் ஒருவேளை உப்புக்கஞ்சி குடிக்கிறவன். மாசானம் மூணு வேளையும் வெளுத்துக் கட்டுறவன். ரெண்டு பேரும் ஒரே காரீயக் கொப்பரைத் தூசியைத்தான் தின்னோம். என் கை மட்டும் ஏன் விழுந்துது?"

கேட்டவன் ஆவுடையப்பன். கல்தச்சன். நாற்பத்தைந்து வயதில் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஞானம் தேடி மலையடிவாரத்து மடத்துக்கு வந்தவன். வந்த நேரம் மடத்தில் மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. ஞானத்துக்கு முன்னால் உளிதான் மறுபடியும் கைக்கு வந்தது.

கல்லும் கல்லும் சேரும் இடத்தில் இரும்புக் கம்பியை நிறுத்தி, காரீயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். அவனும் மாசானமும் ஒரு வருஷமாக அதைத்தான் செய்தார்கள்.

இப்போது அவனுடைய வலது கை மணிக்கட்டோடு துவண்டு தொங்கியது. கும்பிடக்கூட நிமிரவில்லை. உளி நிற்காத கையை வைத்துக்கொண்டு கல்தச்சன் என்ன செய்வான்?

அவன் முன்னால் இருந்தவள் வடிவம்மை. மடத்துக்கு அவள்தான் குரு. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அவள்தான் வைத்தியச்சி. வயது முப்பதுகூட ஆகவில்லை, இடுப்பில் ஒரு பிள்ளை. சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற குரு அந்தச் சீமையிலேயே அவள் ஒருத்திதான்.

அவள் அவனுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. ஈறைப் பார்த்தாள். ஓரத்தில் நீலக்கோடு ஓடியிருந்தது.

"மழை பெய்ஞ்சா, சுவர் வாசனைக்கு நாக்கு ஊறுதா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மடைப்பள்ளிச் சுவரில் ஒரு மூலை கொஞ்ச நாளாகக் கரைந்துகொண்டுதான் இருந்தது. பழியை எலி மேல் போட்டிருந்தான்.

வடிவம்மை சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கொப்பரையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். இனி மடத்தில் யாரும் காரீயம் காய்ச்சக் கூடாது. மாசானமும் கூடாது, அவன் ஒன்றும் யானை இல்லை. வேறு வழியில் கல் நிற்குமானால் நிற்கட்டும், இல்லையென்றால் மண்டபமே வேண்டாம்.

அதுவரைக்கும் ஆவுடையப்பன் தலையாட்டினான்.

வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்றதும்தான் முரண்டு பிடித்தான். கை விழுந்த அன்றே ஒரு மண்டலத்துக்கு, நாற்பத்தெட்டு நாளுக்கு, விரதம் எடுத்திருந்தான். வெறும் நீராகாரம். ஒன்பது நாள் முடிந்திருந்தது.

"பாத்திரத்துல நஞ்சு இருந்தா முதல்ல கவுக்கணும், அம்மை. அப்புறம்தானே நிரப்பணும்?"

கேட்க நல்ல வாதமாகத்தான் இருந்தது. வடிவம்மை அதை மறுக்கவில்லை.

"ரத்தம் சிவப்பா இருக்கே, அதுல என்ன இருக்கு தெரியுமா? இரும்பு. செம்பு, துத்தநாகம்கூட உடம்புக்குள்ள உண்டு, கொஞ்சமாத்தான். இரும்பு உள்ள வர்றதுக்குக் குடல்ல ஒரு வாசல் இருக்கு. காரீயத்துக்குன்னு வாசலே கிடையாது. அதை உடம்பு கூப்பிடவே இல்ல."

"பிறகு எந்த வழியா வந்துது?"

"இரும்பு வர்ற வாசல் வழியாத்தான்."

"அந்த வாசல்ல நிக்கிறவன் என்ன, குருடனா?"

மறுநாள் கீழூரில் ஒரு கல்யாணம் என்றாள் வடிவம்மை. பந்தி வாசலில் நிற்க ஓர் ஆள் கேட்டிருக்கிறார்கள், போய் நில்லுங்கள் என்றாள்.

"சொரிமுத்துன்னு ஒருத்தன் வருவான். அவன் மட்டும் இலையில உக்காரக் கூடாது."

சொரிமுத்தின் புகழைக் கீழூர்க்காரர்கள் சொல்லி ஆவுடையப்பன் தெரிந்துகொண்டான். அழைப்பே இல்லாமல் எல்லாக் கல்யாணத்துக்கும் வருவானாம். அவன் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து இலைக்காரனுக்கும் சோறு இறங்காது. உப்பில்லை என்பான், உன் பாட்டன் களவாணி என்பான். அந்த வருஷம் மட்டும் மூன்று பந்தி அவனால் பாதியில் எழுந்திருக்கிறது.

ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று ஆவுடையப்பன் கேட்டான்.

அவன் உறவுக்காரன் மாதிரியேதான் இருப்பான் என்றார்கள்.

தாலி கட்டி முடிந்தது. முதல் பந்திக்கு அறுபது இலை போட்டார்கள். உட்கார்ந்தது இருபது பேர். பெண்ணின் அம்மா வழிச் சனம் ஏறி வந்த வண்டிகள் ஆற்று மணலில் இறங்கி நின்றுவிட்டன. சோறோ ஆவி பறக்க வந்துவிட்டது.

பெண்ணைப் பெற்றவர் கையைப் பிசைந்தார். மாப்பிள்ளை வீட்டார் காலி இலையைப் பார்த்துக்கொண்டா சாப்பிடுவது? ஆளைக் கூப்பிடுங்க, நெற்றியில் திருநீறு இருந்தால் போதும் என்றார்.

ஆவுடையப்பன் கூப்பிட்டான். வாங்க மாமா, வாங்க மச்சான் என்று வாசலில் தென்பட்ட எல்லாரையும் உறவாக்கினான். சந்தனமும் சரிகைத் துண்டுமாக ஒருவர் வந்து, தம்பி சௌக்கியமா என்று அவனையே விசாரித்தார். ஆவுடையப்பன் மகிழ்ந்துபோய், நல்ல கையால் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நட்டநடுவில் உட்காரவைத்தான்.

சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் பந்தி இரண்டுபட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா எச்சில் கையோடு எழுந்து நின்று, இந்த வீட்டில் இனிப் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றார். நடுவில் சரிகைத் துண்டு மட்டும் நிதானமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.

பந்திக் கடைசியில் கீரை வாளியோடு வடிவம்மை நின்றாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

சமாதானம் பேசி, இடத்தைக் கழுவி, அடுத்த பந்திக்கு இலை போடும்போது வண்டிகள் வந்து சேர்ந்தன. புழுதியும் பசியுமாக இறங்கிய கூட்டம், இலை தரையைத் தொடுமுன் சம்மணம் போட்டுவிட்டது.

சொரிமுத்து மறுபடியும் வந்தான். இந்த வரிசையில் அந்தக் கோடி வரைக்கும் நடந்தான், அந்த வரிசையில் திரும்பி வந்தான். முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு ஆட்கள். கழுத்தைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தாம்பாளத்திலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு தெருவோடு போய்விட்டான்.

பின்னாலேயே பெண்ணின் தாய்மாமன் வந்தார். தாய்மாமனுக்கே இலை இல்லையா என்று இடக்குப் பேசினார். அடுத்த பந்தி மாமா என்றான் ஆவுடையப்பன். அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

வடிவம்மை காலி வாளியோடு வாசலுக்கு வந்தாள்.

"இப்ப அவனைத் தடுத்தது யாரு அண்ணாச்சி?"

"யாரும் தடுக்கல. நான் ஒரு விரலைக்கூட அசைக்கல."

"முதல் பந்தியில உள்ள விட்டது?"

"நான்தான். முழங்கையைப் பிடிச்சு நானே கொண்டுபோய் உக்காரவச்சேன்."

"நீங்க என்ன, குருடா?"

"இல்ல அம்மை. அப்ப இலை..."

ஆவுடையப்பனின் இடது கை தானாகவே வயிற்றுக்குப் போயிற்று. ஒட்டிக் கிடந்த அந்தக் குழிக்குள், அவன் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு பந்திக் கூடம் நடந்துகொண்டிருக்கிறது. அதட்ட ஒரு ஆள் இல்லை, ஓலையில் பெயர் எழுதவில்லை. கடுகளவு இரும்பை வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து, போதும் என்றதும் தாய்மாமனையே தூணோரம் நிற்கச் சொல்லும் கூடம். எத்தனையோ கோயிலில் வாசல் செதுக்கியவன் அவன். இப்படி ஒரு வாசலை எந்தத் தச்சன் செதுக்குவான் என்று மலைத்து நின்றான்.

தொங்கிய கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏற்கெனவே உக்காந்துட்டவன்?"

"கழுத்தைப் பிடிச்சா தள்ள முடியும்? மெதுவா எழுந்து போவான். மாசக் கணக்காகும், கூடவும் ஆகலாம்."

மூன்றாம் பந்திக்கு இலை விரித்தார்கள். தாய்மாமன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து இலையில் ஆவுடையப்பன் உட்கார்ந்து, துவண்ட வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்தான்.

வடிவம்மை முருங்கைக்கீரை வாளியோடு வந்து அவன் முன்னால் நின்றாள். மண்டலம் முடிய இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறதே என்றாள்.

"இலை காலியா கிடக்கு, அம்மை," என்றான் ஆவுடையப்பன். "சீக்கிரம் வைங்க."