இலவசக் கிளியும் ஆள்காட்டிக் குருவியும்

வேலங்காட்டு ஏரியில் கோடை வந்து தண்ணீர் வற்றி, கிழக்குக் கரையோரமாக ஒதுங்கிவிட்டது. மேற்கே வெறும் சரளைக்கல் தரை. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துவந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணில் படாது.

ஒரே தொல்லை வெயில்தான். உச்சிப்பொழுதில் கல் கொதிக்கும். அப்போது ஆண் குருவி தண்ணீரில் இறங்கி, வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்கார வேண்டும். தாமதித்தால் முட்டைகள் வெந்துபோகும். அதுவோ கிழக்குக் கரையில் இரை தேடிக்கொண்டிருக்கும். மெதுவாகக் கூப்பிட்டால் கேட்காது. உரக்கக் கூப்பிட்டால் ஏரி முழுவதற்கும் கேட்டுவிடும்.

அந்த ஏரியில் சேதி அனுப்ப அதுவரை மூன்று வழிகள் இருந்தன. காகத்திடம் சொன்னால் மர உச்சியில் நின்று கத்தும். சேதி உரியவருக்கும் போகும், ஊருக்கும் போகும். அணில் ரகசியமாகக் கொண்டுபோகும். வழியில் ஒரு கொட்டையைக் கண்டால் பாதிச் சேதியை மறந்துவிடும். நத்தை மிகவும் நம்பகமானது. போன மழைக்கு அதனிடம் கொடுத்த சேதி இன்னும் வழியில் இருக்கிறது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு கிளி தன் கூட்டத்தோடு வந்து இறங்கியது.

"நீங்கள் சொல்வதை உங்கள் குரலிலேயே, உரியவர் காதில் மட்டும் சொல்வோம்" என்றது கிளி. "அவர் கேட்டதும் திரும்பி வந்து இரண்டு முறை தலையாட்டுவோம். ஒரு சொல்கூட வெளியே போகாது. எல்லாமே இலவசம்!"

"இலவசமென்றால் நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டது ஆள்காட்டி.

"உங்கள் அன்பைத்தான், அக்கா."

கிளியின் அலகில் கொய்யாப்பழத் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த ஏரியில் கொய்யா மரமே கிடையாது.

சேர்வதற்கு முன் கிளி விதிகளைச் சொன்னது. காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை மூச்சுவிடாமல் சொன்னது. எல்லோரும் நடுவிலேயே "சரி, சரி" என்றார்கள். காட்டுப்பன்றி தூக்கத்திலேயே சரி சொன்னது.

பிறகு பார்க்க வேண்டுமே. விடிந்தால் எல்லோரிடமிருந்தும் எல்லோருக்கும் காலை வணக்கம். மயில் ஒரு குழு ஆரம்பித்தது. யாரையும் கேட்டுச் சேர்க்கவில்லை, சேர்ந்தவர் யாருக்கும் வெளியேறத் துணிவு வரவில்லை. கிளி வந்து இரண்டு முறை தலையாட்டியும் பதில் வராததால் அக்காள் தங்கை முயல்கள் இரண்டு பேச்சை நிறுத்திக்கொண்டன.

ஆள்காட்டி மட்டும் சேரவில்லை.

"உங்களுக்கு மட்டும் என்ன பிடிவாதம்?" என்று கேட்டது ஆமை. "என்னிடம் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. நான் சேர்ந்துவிட்டேன்."

"அதை ஓட்டுக்குள் இருந்துகொண்டு சொல்கிறீர்களே, மாமா."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆண் குருவிக்கும் மனக்குறைதான். "ஊரே கிளியில் இருக்கிறது. நாம் மட்டும் காட்டுமிராண்டிகள் மாதிரி."

"மதகுக்கல்லைப் பாருங்கள். அதன் நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்ததும் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நிழலுக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை."

"மேகம் வந்தால்?"

"மேகம் வந்தால் கல் சுடாது. நீங்கள் ஏன் வர வேண்டும்?"

ஆண் குருவி மதகுக்கல்லைத் திரும்பிப் பார்த்துவைத்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் புல்வெளியில் அழுகுரல் கேட்டது. காடையின் முட்டைகளை நரி தின்றுவிட்டது. தேடவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை. நேராக வந்து தின்றுவிட்டுப் போய்விட்டது.

"கூடு எங்கே என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே" என்று அழுதது காடை. "பசிக்கிறது, வாருங்கள் என்று என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் கிளியிடம் சொல்லி அனுப்புவேன்."

எல்லோரும் கிளியைச் சூழ்ந்துகொண்டார்கள். கிளி கலங்கவில்லை.

"காடையம்மா சொன்ன ஒரு சொல்லையாவது நான் வெளியே சொல்லியிருந்தால் என் சிறகு உதிரட்டும்."

"சொல்லைச் சொல்லவில்லை, சரி" என்றது ஆள்காட்டி. "தினமும் எந்தப் புதரில் இருந்து புறப்படுகிறாய், யாரிடம் போகிறாய் என்று சொன்னாயா?"

"அது சேதி அல்லவே, அக்கா. அது வெறும் திசை. நரியண்ணன் ஊர்த் தோப்பிலிருந்து கொய்யா கொண்டுவருகிறார், திசை கேட்கிறார், சொல்கிறோம். விதிகளில் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சரி என்றீர்கள்."

காட்டுப்பன்றி, "நான் எப்போது சொன்னேன்?" என்று கேட்டது.

அன்று மாலை கிழக்குக் கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆள்காட்டியைத் தேடி நரியே வந்தது. மரியாதையாகத் தள்ளி நின்று பேசியது.

"இந்த ஏரியில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போது மனப்பாடம், அம்மணி. மேற்குப் பக்கம் ஒன்றுதான் வெறுமையாக இருக்கிறது. அங்கிருந்து யாரும் ஒரு வார்த்தை அனுப்புவதில்லை. அப்படியென்றால் அங்கே மறைக்கத் தகுந்தது ஏதோ இருக்கிறது. நாளைக்கு ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உன் பெயரே ஆள்காட்டி. நீ போய் ரகசியம் பேசலாமா?"

"வருகிற ஆளைக் காட்டுவேன். இருக்கிற ஆளைக் காட்டமாட்டேன்."

நரி சிரித்துக்கொண்டே போனது. ஆள்காட்டி முட்டைகளிடம் திரும்பி வந்து யோசித்தது. சேதி அனுப்பினாலும் இடம் பிடிபடும், அனுப்பாவிட்டாலும் பிடிபடும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

விடிந்ததும் ஆண் குருவியை அடைகாக்க உட்கார்த்திவிட்டு, அது நேராகக் கிளியிடம் பறந்தது.

"நான் சேர்கிறேன்."

"இப்போதாவது புத்தி வந்ததே!"

"விதிகளைச் சொல்ல வேண்டாம். வேலையைப் பார். இந்தக் கருவேலத்தடியில் இருந்து அந்தத் தாழம்புதருக்கு ஒரு சேதி. 'அவசரம், உடனே வரவும்.'"

"தாழம்புதரில் யார் இருக்கிறார்கள்?"

"சேதியைக் கொண்டுபோவதுதானே உன் வேலை?"

கிளி பறந்தது. திரும்பி வருவதற்குள் ஆள்காட்டி மதகுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஓடைக்கு ஒரு சேதி. ஓடையிலிருந்து பாழடைந்த புற்றுக்கு ஒரு சேதி. புற்றிலிருந்து மறுபடி கருவேலத்துக்கு. எல்லாமே அவசரம், எல்லாமே ரகசியம்.

காடை பார்த்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தது.

"எனக்கு இழக்க இனி ஒன்றும் இல்லை. என் பெயரிலும் அனுப்பு. எங்கே வேண்டுமானாலும் அனுப்பு."

முயல்கள் வந்தன. மயில் தன் குழுவை முழுசாக ஓட்டிக்கொண்டு வந்தது. ஆமைகூடத் தலையை நீட்டி, "ஏரியடிச் சேற்றுக்கு ஒன்று" என்றது. முள்ளம்பன்றி மட்டும் யோசித்துவிட்டு, "என் வளைக்கு நாலைந்து அனுப்புங்கள். பகல் முழுக்கச் சும்மாதான் படுத்திருக்கிறேன்" என்றது.

கிளிக்கூட்டம் நாக்குத் தள்ளப் பறந்தது. மறுக்கவும் வழியில்லை, இலவசம் என்று சொன்னது அவைதானே.

நரிக்குத் திசைகள் மழையாகக் கொட்டின. கல்லைப் புரட்டும் வேலையை ஒத்திப்போட்டுவிட்டு, சேதி அதிகமாகப் போகும் இடங்களுக்கு ஓடியது. தாழம்புதரில் முள். ஓடையில் சேறு. பாழடைந்த புற்றில் கதண்டுக் குளவிக் கூடு. நரி கண் வீங்கித் திரும்பியது. கடைசியில், எல்லாவற்றையும்விட அதிகச் சேதி போன வளைக்குள் ஆசையாக மூக்கை நுழைத்தது.

ஏரி முழுவதற்கும் அதன் குரல் கேட்டது. அதைக் கொண்டுபோகக் கிளி தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆள்காட்டி கிளியைக் கூப்பிட்டது. "இன்னும் ஒன்று இருக்கிறது. மேற்கே, சரளைத் தரையில் என் வீட்டுக்காரர் இருப்பார். 'மதியம் நான் நனைந்து வருகிறேன், நகராதீர்கள்' என்று சொல்லிவிட்டு வா."

பக்கத்தில் நின்ற காடை பதறியது. "ஐயோ, அது நிஜமான இடம் அல்லவா?"

"நிஜமான இடம்தான். போகட்டும்."

கிளி சொல்லிவிட்டு வந்தது. வழக்கம்போல நரியிடமும் போனது. "மேற்குச் சரளைக்கு ஒரு சேதி போயிருக்கிறது, அண்ணே."

மூக்கெல்லாம் முள்ளோடு நரி நிமிர்ந்து பார்த்தது.

"அங்கே என்ன வைத்திருக்கிறாள்? முள்ளா, கொடுக்கா? போ அந்தப் பக்கம். இனி உனக்குக் கொய்யாவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

நரி அன்றைக்கே வேறு காட்டுக்கு நொண்டிக்கொண்டு போனது. காலிலும் எதுவோ தைத்திருக்க வேண்டும்.

கிளி வாடிய முகத்தோடு ஏரிக்கு வந்தது. "இனிமேல் திசையையும் சொல்லமாட்டோம். புதிய விதி. எல்லோரும் சரி என்றால் போதும்."

ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. காட்டுப்பன்றிகூட விழித்துக்கொண்டிருந்தது.

"ஊரே என்னிடம்தான் இருந்தது, அக்கா" என்றது கிளி. "நீங்கள் ஒருவர் மட்டும் அன்றைக்கே சரி என்றிருந்தால் இவ்வளவு வந்திருக்காது."

"ஆமாம். நான்கு முட்டைகள் போயிருக்கும்" என்றது ஆள்காட்டி. பிறகு தண்ணீரில் இறங்கி, வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க மேற்கே பறந்தது.

நம் சேதியை இலவசமாகச் சுமப்பவன் நம் வாசலை வேறொருவனுக்குக் காட்டித்தான் வயிறு வளர்க்கிறான் என்றால், ஊரே அவனிடம் இருக்கிறது என்பது நாமும் அவனிடம் இருப்பதற்குக் காரணம் ஆகாது.