நாக்கின் இடது ஓரம்

டாக்டர் சவரிமுத்து மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவின் ஆசிரியர். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குழுக் குழுவாகச் சில நாட்கள் அவரிடம் பயிற்சிக்கு வருவார்கள். யாரும் விரும்பி வருவதில்லை. இதயமும் மூளையும் படிக்க வந்தவர்களுக்குப் பல்லும் ஈறும் எதற்கு என்ற நினைப்பு.

அவர் கோபப்படமாட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"நாக்கை நீட்டச் சொல்லிட்டு டார்ச் அடிக்கிறது பார்வை இல்லை. துணியால நுனியைப் பிடிச்சு வெளியே இழுங்க. வலது ஓரம், இடது ஓரம், அடிப்பக்கம். அப்புறம் விரலால தடவுங்க. கண்ணுக்குத் தப்பினது விரலுக்குத் தட்டுப்படும்."

அந்த முறை வந்த குழுவில் இசக்கியம்மாள் என்றொரு மாணவி இருந்தாள். வகுப்பில் வாய் திறக்காதவள். புற்றுநோய்ப் படங்களை அவர் காட்டி முடித்த மறுநாள், அவளே எழுந்து நின்றாள்.

"சார், பார்க்கும்போது கெட்டதா ஏதாவது தெரிஞ்சா? அதை நோயாளிகிட்ட எப்படிச் சொல்றது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. நோயாளிகள் சாயும் நாற்காலியில் தானே ஏறிப் படுத்தார். மேலிருந்த விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

"வந்து பாருங்க. ஒவ்வொருத்தரா."

மாணவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஆசிரியரின் வாய். எட்டிப் பார்த்தார்கள். "நார்மல் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

இசக்கியம்மாள் கடைசியாக வந்தாள். கையுறை மாட்டினாள். காஸ் துணியால் அவர் நாக்கின் நுனியைப் பிடித்து, அவர் சொல்லித்தந்தபடியே இழுத்தாள். வலது ஓரம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கம் திருப்பினாள்.

கடைவாய்ப் பல்லுக்கு நேரே ஒரு திட்டு. துவரம்பருப்பு அளவு இருக்கும். வெள்ளை; நடுவில் சிவப்பு.

விரலை வைத்தாள். சுற்றிலும் நாக்கு மெத்தென்று இருந்தது. அந்த இடம் மட்டும் வேகாத பருப்பைப் போலக் கெட்டியாக இருந்தது.

முந்தைய நாள் திரையில் அவர் காட்டிய படங்களில் ஒன்று அப்படியே அவள் விரலுக்கடியில் இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். சவரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தது. நாக்கு அவள் பிடியில் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை.

அவள் துணியை விட்டாள்.

"என்னம்மா?" என்றார்.

"நார்மல் சார்."

அவர் மூச்சை விட்டார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இன்னைக்கு இது போதும். போய் டீ குடிங்க" என்றார். அவர் வகுப்பைச் சீக்கிரம் முடித்து யாரும் பார்த்ததில்லை.

இசக்கியம்மாளுக்கு டீ இறங்கவில்லை.

அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். ஊரார் வாயையெல்லாம் பார்க்கிறவர். வெற்றிலைகூடப் போடாதவர். பல் உரசிய புண்ணாக இருக்கும். நான் சொல்லி அது தப்பாகப் போனால் கல்லூரியே சிரிக்கும். தப்பாகப் போகாவிட்டால்? அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை.

சாயங்காலம் விடுதிக் கண்ணாடி முன் நின்று தன் நாக்கை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு, தனக்கு முன்னால் அவரைப் பார்த்த ரஷீதைத் தேடிப் போனாள்.

"சாரோட இடது ஓரத்தைப் பார்த்தியா?"

"நான் நாக்கைப் பிடிக்கவே இல்லப்பா. சார் நாக்கைப் போய் எப்படி இழுக்கிறது?"

"மத்தவங்க?"

"யாரு இழுத்தா? நீதான் பிடிச்சு இழுத்தே. நாங்க பயந்தே போயிட்டோம்."

அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை, நோயாளிகள் வருவதற்கு முன் அவர் அறைக்குப் போனாள். சவரிமுத்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது ஓரம் சார். பின்னால."

"தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன். கெட்டியா இருக்கு."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையோடே வந்து உட்கார்ந்தார்.

"சூடா காபி குடிச்சா அங்க எரியும். பல்லு உரசுதுன்னு வச்சுக்கிட்டேன்."

"எவ்வளவு நாளா சார்?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே."

அப்போது மாசி பிறந்திருந்தது.

"கண்ணாடியில பார்க்கலையா சார்?"

மேசைமேல் தட்டு நிறைய, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள் கிடந்தன. கைக்கு எட்டும் தூரம்தான். சவரிமுத்து அவற்றைப் பார்த்தார்.

பிறகு, "இப்ப என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

"கொஞ்சம் சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பணும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு சார்." அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதே. நீ அழுதா நோயாளி உன்னைத்தான் தேத்திக்கிட்டு இருப்பான். நீ சொன்னது அவன் காதுல ஏறாது. திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள். இம்முறை குரல் நடுங்கியது; ஆனால் நிற்கவில்லை.

"சரி" என்றார் அவர்.

முடிவு வரும்வரை இசக்கியம்மாள் அந்தத் தாழ்வாரத்தின் பக்கமே போகவில்லை. தன் விரல் பொய் சொல்லியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பருப்பைப் பிசையும்போதே கை நின்றுவிடும்.

விரல் பொய் சொல்லவில்லை. புற்றுதான். பரவியிருக்கவில்லை. வேறு ஊரில் அறுவை சிகிச்சை நடந்தது. நாக்கின் ஒரு பகுதியையும், முன்னெச்சரிக்கையாகக் கழுத்தின் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பேச்சு வருமா என்று கல்லூரியில் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது சவரிமுத்து வேலைக்குத் திரும்பினார். உடம்பு பாதியாகியிருந்தது. காதுக்கடியிலிருந்து கழுத்துவரை ஒரு தழும்பு. ரகரம் சரியாக வரவில்லை. புதிய குழுவுக்கு வகுப்பு எடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் உருட்டிச் சரிபார்த்து வெளியே விட்டார். யாரும் கைபேசியைத் தொடவில்லை.

வகுப்பு முடிந்ததும் இசக்கியம்மாள் வாசலில் நின்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் உள்ளே வந்தாள். அத்தனை மாதமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"சார், முதல் நாள் நான் நார்மல்னு சொன்னேனே. என்மேல உங்களுக்குக் கோபம் வரலையா?"

சவரிமுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கடைவாயில் வழிந்ததைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நெறயச் சாப்பிட்டேம்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம். உன்னை வாழ்த்திக்கிட்டே சாப்பிட்டேன்."