உப்பு வெறுங்கையோடு போனதில்லை

அந்தக் காலத்தில் மீனும் உப்பும் வெம்மையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் ஆற்றின் நல்ல தண்ணீர். அந்தப் பக்கம் கடலோரக் கழியின் உப்புத் தண்ணீர்.

ஆற்றுப் பக்கத்தில், திட்டை ஒட்டிய கல்லடியில், உளுவை மீன் ஒருத்தி முட்டையிட்டிருந்தாள். அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. இன்னும் கொஞ்சம் சூடு கிடைத்தால் குஞ்சு பொரியும். கிடைக்காவிட்டால் முட்டை அழுகிவிடும்.

உளுவை திட்டின்மேல் துள்ளி ஏறினாள். கழியில் சோம்பிக் கிடந்த வெம்மையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் வாயேன்."

"சூடு கூடின இடத்திலேருந்து குறைஞ்ச இடத்துக்குத்தான் எனக்குக் கால் நடக்கும். இங்கே ரெண்டு பக்கமும் ஒரே சூடு. நான் எங்கே போக?" என்றான் வெம்மை.

அவனைச் சுற்றி உப்புகள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். "நீயாவது படுத்துக் கிடக்கே. எங்களுக்கு இருமக்கூட இடமில்லை," என்றாள் மூத்த உப்பு.

உளுவை அவளைப் பார்த்தாள். "அக்கா, எங்க வீடு காலியாத்தான் இருக்கு. வழி கிடைச்சா வருவீங்களா?"

"வழியை விடு தாயி, அப்புறம் பாரு."

உளுவை வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பினாள். உதடு கிழிந்தது, நிறுத்தவில்லை. கடைசியில் திட்டில் ஒரு கீறல் விழுந்தது.

உப்புகள் கிளம்பினார்கள். கீறலின் வாசலில் மூத்த உப்பு நின்றுவிட்டாள். "முதன்முதலா போறோம், அதுவும் பிள்ளை பெத்த வீடு. வெறுங்கையோடவா போறது?"

கொண்டுபோக அங்கே வேறென்ன இருந்தது? ஆளுக்கொரு துளி வெம்மையை மடியில் கட்டிக்கொண்டார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றான் வெம்மை.

"உனக்குத்தான் கால் நடக்காதே. பேசாம வா."

கல்லடி மெல்ல இளஞ்சூடானது. முட்டைகளுக்குள் கறுப்புக் கண்கள் அசைந்தன. உப்பு இரு பக்கமும் சமமாகப் பரவியதும் பயணம் நின்றது; வெம்மையும் நின்றான். அதற்குள் கடைசிக் குஞ்சும் வெளியே வந்திருந்தது.

"உங்களுக்கு நான் என்னத்தைக் குடுப்பேன், அக்கா?" என்றாள் உளுவை.

மூத்த உப்பு கைகால்களை நன்றாக நீட்டிக்கொண்டாள். "இருக்க இடம் குடுத்தியே, போதாதா?"

அன்று முதல்தான், நெரிசலை விட்டுக் காலியிடம் தேடிப் போகும்போதெல்லாம் உப்பு மடியில் ஒரு துளி வெம்மையை எடுத்துப்போகிறது. நம் விரலுக்கு அது தெரியாது. சீர் சின்னதுதான், வெறுங்கை இல்லை.