மன்னர் இறங்கிய கதை

முன்னொரு காலத்தில், பேர் சொல்லக் கூடாத ஒரு தேசத்தில், வல்லபராயர் என்று ஒரு மன்னர் இருந்தார். தேசத்தின் பேரை ஏன் சொல்லக் கூடாது என்கிறீர்களா? வாயைத் திறக்கவே ஜனங்கள் நடுங்கிய தேசம் அது. எனக்கும் நாக்கு ஒன்றுதானே இருக்கிறது!

மன்னருக்குக் குதிரை என்றால் பைத்தியம். கப்பலில் வந்த கறுப்புக் குதிரை ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். இளவயசுக் குதிரை. திமிறினால் பிடிக்க ஒரு ஆள் போதாது. அரண்மனையில் அதற்கு வாயுவேகன் என்று பேர் வைத்தார்கள். லாயக்காரன் மொக்கையன் மட்டும் 'பயல்' என்றுதான் கூப்பிடுவான். "பயல் இன்னும் பழகல மகாராசா. மேளச் சத்தம் கேட்டா மெரளுவான். கொஞ்ச நாள் போகட்டும்" என்று கும்பிட்டுச் சொன்னான். மன்னர் கேட்கவில்லை. விஜயதசமி ஊர்வலத்துக்கு அதன் மேல்தான் போவேன் என்று அடம்பிடித்தார்.

ஊர்வலம் தேரடி திரும்பியதும் முரசு முழங்கியது. பயல் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். மன்னர் பயந்துபோய்க் கடிவாளத்தை இறுக்கினார்; குதிகாலால் அதன் வயிற்றிலும் இடித்தார். 'நில்' என்பதையும் 'ஓடு' என்பதையும் ஒரே மூச்சில் சொன்னால் வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? முதுகை ஒரு குலுக்குக் குலுக்கியது. மன்னர் சேற்றில் குப்புறக் கிடந்தார்.

வீதி முழுக்க ஜனம். ஒருவரும் அசையவில்லை. பூக்காரி சொர்ணம் மட்டும் கூடையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, எங்க ராசா விழுந்துட்டாரே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். தன் முந்தானையால் மன்னர் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள்.

பின்னாலேயே வந்தார் தளவாய் செண்பகராயர். படைக்குத் தலைவர், அதைவிட ஜால்ராவுக்குத் தலைவர். "யாரடி அது? மன்னர் விழவில்லை. இறங்கினார்!" என்று முழங்கினார். மன்னருக்கும் அவமானத்தில் அந்தப் பேச்சு இனித்தது. 'மன்னர் விழுந்தார் என்று சொல்லும் எவருக்கும் நாக்கு அறுக்கப்படும்' என்று அன்று மாலையே பறை சாற்றினார்கள். முதல் நாக்கு சொர்ணத்துடையது.

மல்லி, பிச்சி என்று தெருத்தெருவாகக் கூவி வயிறு கழுவியவள் அவள். அதற்கப்புறம் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஊர் அந்த வார்த்தையையே விட்டுவிட்டது. மரத்திலிருந்து தேங்காய் இறங்கியது. கூரையிலிருந்து ஓடு இறங்கியது. மேலத்தெருவில் ஒருத்தி, "என் புருசன் கெணத்துல எறங்கிட்டாரே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். "தூர் வாரவா தாயி?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சாயங்காலம் அவனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

இத்தனைக்கும் காரணமான மன்னர் மறுபடி குதிரை ஏறவேயில்லை. லாயத்து வாடை அடித்தாலே கை நடுங்கும். மருத்துவரிடம் சொல்லலாமென்றால், விழுந்ததை அல்லவா முதலில் சொல்லவேண்டும்! பல்லக்கில் போனார், பல்லைக் கடித்தார், எரிந்து விழுந்தார். மன்னிக்கவும், எரிந்து இறங்கினார்.

அடுத்த விஜயதசமி நெருங்கியது. தளவாய் மன்னரின் காதைக் கடித்தார். "மகாராஜா, அந்தக் குதிரையும் லாயக்காரனும் உயிரோடு இருக்கும்வரை ஜனங்களுக்கு அந்த நாள் மறக்காது. இரண்டையும் தீர்த்துவிட்டால் நிம்மதி." மன்னர் தலையசைத்தார். மொக்கையனைச் சங்கிலி போட்டுச் சபைக்கு இழுத்து வந்தார்கள். தலை வெட்டும் சேவகன் அரிவாளோடு தூண் ஓரம் நின்றான்.

அந்தச் சபையில் வேம்பன் என்று ஒரு விகடன் இருந்தான். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. வாய்க் கசப்புக்காக ஊர் வைத்த பேர் இது. தளவாயைப் பார்த்து ஒருமுறை, "கொள்ளு என்றால் வாயைத் திறப்பார், கடிவாளம் என்றால் மூடிக்கொள்வார்" என்று சொல்லியிருந்தான். அந்தக் கடுப்பைத் தளவாய் அடைகாத்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, இந்தச் சபையில் நாவன்மை மிக்கவர் வேம்பன். குற்றத்தை அவரே எடுத்துரைக்கட்டும்" என்றார் தளவாய்.

"அப்படியே ஆகட்டும். சொல், வேம்பா" என்றார் மன்னர்.

பொறி புரிகிறதா? குதிரை தள்ளியது, மன்னர் விழுந்தார் என்று சொன்னால் நாக்குப் போகும். சொல்லாவிட்டால் அரச ஆணையை மீறியதாகத் தலை போகும். மொக்கையன் அழவில்லை. "நான் போனா பயலைப் பாத்துக்க ஆளில்ல சாமி, அவனையாவது விட்டுருங்க" என்று மட்டும் கேட்டான். வேம்பன் செருமிக்கொண்டு எழுந்தான்.

"மகாராஜா! இவன் செய்தது சாதாரணக் குற்றமல்ல. சென்ற விஜயதசமியன்று தாங்கள் தேரடியில் குதிரையிலிருந்து இறங்கினீர்கள். ஊரறியும், தளவாயே சாட்சி. ஊர்வலத்தில் மன்னர் இறங்கினால், தம் கையால் லாயக்காரன் தலையில் பட்டு உருமால் கட்டுவது நம் வழக்கம். இந்தப் பாவி உருமால் வாங்காமலே லாயத்துக்குப் போய்விட்டான். அரச மரியாதையை அலட்சியம் செய்தான். இதற்கு ஒரே தண்டனைதான் உண்டு. அந்த உருமாலை இப்போதே கட்டிவிடுங்கள்."

சபையில் சிலர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தளவாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "என்னடா உளறுகிறாய்! சேற்றில் விழுந்தவர் எப்படியடா உருமால் கட்டுவார்!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவருக்குத் தெரிந்தது. தூண் ஓரம் நின்ற சேவகன் தளவாயின் வாயையே பார்த்தான். தளவாய் ஓடிப்போய் மன்னரின் காலில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்.

"பயப்பட வேண்டாம், மகாராஜா. தளவாய் தங்கள் காலில் இறங்கியிருக்கிறார்" என்றான் வேம்பன்.

யாரும் சிரிக்கவில்லை. மன்னர் காலடியில் கிடந்த தளவாயைப் பார்த்தார். பிறகு, "நான் என்ன செய்யட்டும், வேம்பா?" என்று கேட்டார்.

"சொர்ணம் சொன்ன அதே வார்த்தையைத்தான் இவரும் சொன்னார். அவள் அழுதுகொண்டு சொன்னாள், இவர் ஆத்திரத்தில் சொன்னார். இவர் நாக்கை அறுத்தால் நாளைக்கு இன்னொரு நாக்கு. அறுக்காவிட்டால் அவளுக்குச் செய்தது அநியாயம். மகாராஜா, 'மன்னர் விழுந்தார்' என்று சொல்லத்தான் ஆணையில் தடை. 'நான் விழுந்தேன்' என்று சொல்லத் தடையில்லை. அதைச் சொல்லக்கூடியவர் இந்தத் தேசத்தில் ஒரே ஒருவர்தான்."

மன்னர் வாயைத் திறந்தார். "விழுந்தேன்" என்றார். குரல் வெளியே வரவில்லை. மறுபடி, "விழுந்தேன்டா! குப்புற விழுந்தேன். அதிலிருந்து அந்தக் குதிரையை நினைத்தாலே பயமாயிருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆணை அன்றோடு போயிற்று. தளவாயின் நாக்கும் தப்பியது. சங்கிலி கழன்றது. கழன்ற கையாலேயே மொக்கையன் கும்பிட்டான். "ராசா மட்டுமில்ல, பயலும் அன்னைக்குப் பயந்துதான் போனான். ஒரு வருசமா வேலையே குடுக்காம கொள்ளு அள்ளி அள்ளிப் போட்டுக் கட்டி வெச்சிருக்கு. எளவட்டம், சும்மா நிப்பானா? என்கிட்ட விடுங்க" என்றான்.

கொள்ளுத் தீனியைக் குறைத்தான். விடியற்காலையில் ஆற்று மணலில் நீளக் கயிறு கட்டிப் பயலை வட்டமாக ஓடவிட்டுத் திமிரை வடித்தான். தூரத்தில் முரசு தட்டச் சொல்லி, தினம் கொஞ்சம் கிட்டே கிட்டே கொண்டுவந்தான். மன்னரை முதலில் ஏறவே விடவில்லை. பக்கத்தில் நடக்கச் சொன்னான், தடவிக் கொடுக்கச் சொன்னான். ஏறச் சொன்ன அன்று மன்னர் அங்கவடியில் காலை வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். "இன்னைக்கு இது போதும் ராசா" என்றான் மொக்கையன். மறுநாள் ஏறினார். "கடிவாளத்தைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. கையைத் தளர்த்துங்க. நீங்க மூச்சு விட்டா அவனும் விடுவான்" என்று கூடவே நடந்தான்.

ஒருநாள் பயல் ஒரு கொக்கைக் கண்டு ஒதுங்க, மன்னர் மணலில் விழுந்தார். மொக்கையனுக்கு உயிரே போய்விட்டது. மன்னர் எழுந்து உட்கார்ந்து, கரையில் நின்ற வேம்பனைப் பார்த்து, "மீசையில் மண் ஒட்டியிருக்கிறதா, வேம்பா?" என்றார்.

"ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு, மகாராஜா."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். மீசையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினார்.

விஜயதசமி வந்தது. தேரடி திரும்பியதும் முரசு முழங்கியது. பயல் காதை விடைத்தான், உடம்பு சிலிர்த்தது. மன்னருக்கும் பயம்தான். ஆனாலும் கையை இறுக்கவில்லை. கழுத்தைத் தட்டி, "போடா பயலே, நானும் கூடத்தானே இருக்கேன்" என்றார். பயல் நடந்தான். ஊரே ஆர்ப்பரித்தது. மன்னர் சந்தோஷம் தாங்காமல் சிரித்துக்கொண்டே, "வேம்பா! என்ன வேண்டுமோ கேள். இந்தத் தேசத்தில் எதுவானாலும் தருகிறேன்!" என்றார்.

வேம்பன் வீதியோரத்தைக் காட்டினான். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு சொர்ணம் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவள் நாக்கைத் திருப்பிக் கொடுங்கள், மகாராஜா."

மன்னரின் சிரிப்பு நின்றது. முரசும் நின்றது. "அது என்னால் முடியாதே, வேம்பா" என்றார்.

"தெரியும் மகாராஜா. வேறொன்றும் எனக்கு வேண்டாம்" என்றான் வேம்பன்.

மன்னர் கடிவாளத்தை மொக்கையனிடம் கொடுத்தார். தேரடிச் சேற்றில் கால் வைத்தார். தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு சொர்ணத்தின் முன்னால் போய் நின்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்டத் தொடங்கினாள். அவள் கட்டி முடிக்கும்வரை மன்னர் அங்கேயே நின்றார்.

இந்த இடத்துக்கு வரும்போது, அன்றைக்குத்தான் மன்னர் உண்மையாகவே இறங்கினார் என்று கதை சொல்கிறவர்கள் முடிப்பார்கள். சிலர், இரங்கினார் என்று முடிப்பார்கள். காதால் கேட்டால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது.