உள்ளே தள்ளுவது யார்?

தில்லைநாயகத்துக்கு அந்த ஓசை மறக்கவேயில்லை. ஆளில்லாத வீட்டில் யாரோ கதவைச் சாத்தியதுபோல, ஒரே ஒரு 'டொம்'. சேர்த்துவைத்த மின்சாரம் முழுவதும் ஒரே மூச்சில் லேசருக்குள் இறங்கிய ஓசை. அவர் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாள் அது.

"பயந்துட்டீங்களா வாத்தியாரே?" என்று மரகதவல்லி சிரித்தார்.

ஐம்பது வயதில் பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்தவர் தில்லைநாயகம். வழிகாட்டியான மரகதவல்லி அவரைவிட இளையவர். மாணவர் 'மேடம்' என்பார். குரு 'வாத்தியாரே' என்பார்.

இப்போது மரகதவல்லி வேலையை விட்டுப் போகிறார். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரப் போகிறாராம். ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்க குளிரா இருக்கும்" என்றார். திங்கட்கிழமை பெரிய லேசர் சோதனை. தில்லைநாயகம்தான் தனியாக நடத்த வேண்டும்.

ஆய்வகம் காயலுக்கு அக்கரையில். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை விடைபெற வந்த மரகதவல்லி, வழக்கம்போலப் படகில் ஏறித் தில்லைநாயகத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கரையில் நின்று மிச்ச டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எதுன்னாலும் உங்களைத்தான் கேட்டேன். திங்கட்கிழமை யாரைக் கேட்பேன்? நானும் பாலிடெக்னிக்குக்கே போயிடறேன் மேடம்."

"போங்க. அங்க கேன்டீன் வடை நல்லா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

தில்லைநாயகம் சிரிக்கவில்லை.

"ஒரு சந்தேகம் இன்னும் தீரலை. மிளகு மாதிரி ஓர் உருண்டை. நடுவுல எரிபொருள், சுத்தி ஓடு. லேசர் பட்டதும் ஓட்டோட மேல்தோல் ஆவியாகுது. ஆவி வெளியேதான் பீறிட்டுப் போகுது. ஒளி எரிபொருளைத் தொடறதே இல்லை. ஆனா ஓர் அதிர்வலை உள்ளே ஓடி அதை நசுக்குது."

"நீங்களே எழுதிக் காட்டுன கணக்குத்தானே?"

"கணக்கு வருது மேடம். மனசுக்கு வரலை. போறது வெளியே போயிடுச்சு. அப்புறம் உள்ளே தள்ளுறது யாரு?"

மரகதவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினார். எழுந்து, ஒரே தாவலில் கரைக்குக் குதித்தார்.

படகு உதறியது. அந்த உதறல் பலகை வழியாகத் தில்லைநாயகத்தின் முதுகெலும்பில் ஏறியது. இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, கரை தள்ளிப் போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, மேடம்!"

"துடுப்பு உங்க காலடியிலதான் கெடக்கு சார்!" என்று படகுக்காரர் டீக்கிளாஸும் கையுமாகக் கத்தினார். "எடுத்துப் போடுங்க! ஒண்ணும் ஆகாது!"

தில்லைநாயகம் துடுப்பைப் பார்க்கவில்லை. கணுக்கால் சேற்றில் நின்ற மரகதவல்லியைத்தான் பார்த்தார்.

"எதுக்கு மேடம் என்னைத் தள்ளி விட்டீங்க?"

"நான் எங்க தள்ளினேன் வாத்தியாரே? இறங்கித்தானே போனேன்."

தில்லைநாயகம் குனிந்து துடுப்பை எடுத்தார்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் அந்தக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. மரகதவல்லி அதன் பிறகு காயல் பக்கம் வரவேயில்லை. மலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகவே இருந்து, அங்கேயே காலமானார்.