பனிக்குள் கூப்பிட்ட குரல்

“பாவா, மறுபடியும் கூப்பிடுது” என்றான் வியாகுலம்.

தர்காவைப் பார்த்துக்கொள்ளும் பாவா முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வியாகுலத்தைவிட வயதில் இளையவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தார்.

“எங்கிருந்து அண்ணாச்சி?”

“கடல் பக்கம் இருந்து. விடியக்காலைல. வெளியே ஒரே பனி. ஆள் தெரியல. என் பேரு மட்டும் வருது.”

“மாத்திரை?”

“ஒரு வேளையும் விடல.”

வியாகுலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. மனம் கலங்கிக் கிடந்த நாட்களில் இப்படித்தான் ஒரு குரல் கூப்பிட்டது. அதன் பின்னாலேயே நடந்து கடலில் கழுத்தளவுத் தண்ணீர்வரை போய்விட்டான். ஊர்க்காரர்கள்தான் இழுத்துக் கரையில் போட்டார்கள். அந்த வெட்கத்தில் இப்போது யார் முகத்தையும் அவன் பார்ப்பதில்லை.

“கூப்பிட்டா என்ன செய்வீங்க?”

“கதவச் சாத்திட்டு காதைப் பொத்திக்குவேன்.”

“நாளைக்கு நானும் வாரேன்.”

விடியலில் இருவரும் மணலில் நின்றார்கள். கடல் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான். அலை மட்டும் எங்கோ மூச்சு வாங்கியது.

“வியா…குலம்…”

அவன் ஓர் அடி பின்வாங்கினான். “உங்களுக்குக் கேக்குதா பாவா?”

“கேக்குது.”

அதைக் கேட்டதும் அவனுக்குப் பயம் கூடியது; அப்படியென்றால் அது நிஜமாகவே வெளியில் நிற்கிறது.

“பதில் குடுங்க” என்றார் பாவா.

“குடுத்தா இழுத்துக்கும்.”

பாவா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்போ குடுங்க.”

“ஓய்…”

பாதிக் குரல்தான் வந்தது.

கூப்பிட்டது நின்றது. தண்ணீரை உழக்கிக்கொண்டு கால்கள் நெருங்கின. ஈரம் சொட்டும் தடித்த கயிறு ஒன்று பனியிலிருந்து அவன் முன்னால் நீண்டது. பிறகு, அதைப் பிடித்திருந்த ஊர்க்காரன் தொம்மையின் முகம். தொம்மைக்குப் பின்னால், கடலில் விரித்த கரைவலையைக் கரைக்கு இழுக்கிற ஆட்கள் வரிசையாக, நிழல்போல.

“காது போச்சா வே? வலை இறக்குன நாள்ல இருந்து தொண்டை கிழியக் கூப்பிடுதோம். கதவச் சாத்திக்கிட்டு அப்படி என்ன தூக்கம்? ஆள் பத்தல. பிடி.”

வியாகுலம் தொம்மையின் முகத்தைப் பார்த்தான்.

“என்னையா?”

“இந்த ஊர்ல வேற எவம்வே வியாகுலம்?”

அவன் ஒரு கையால் கயிற்றைப் பற்றினான். கயிறு அவனைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. அந்தப் பக்கம் வலை கனத்துக் கிடந்தது.

பாவா தன் பிடியை விட்டார்.

கயிற்றுக்கு அவன் இரண்டு கையும் வேண்டியிருந்தது.